டிஃபெண்டர் போதுமா, பணம் கொடுத்து வாங்க வேண்டுமா? வீட்டுக் கணினிக்கு நான்கு வழிகள்

புதுக் கணினி வாங்கும்போது கடைக்காரர் ரசீதில் ஓர் ஆன்டிவைரஸையும் சேர்த்துவிடுகிறார். ஓராண்டு கழிந்ததும் திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரத் தொடங்குகிறது: உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது. மறுபடியும் பணம் கட்டுவதா, இலவசமாக ஏதாவது இறக்கிக்கொள்வதா, விண்டோஸோடு வருவதே போதுமா என்று அப்போதுதான் யோசிக்கிறோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதிலிருந்து நான்காவது கேள்வியும் சேர்ந்துகொண்டது: பேசாமல் விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கே போய்விடலாமா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தைச் சேர்த்துவைத்து வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குவது அதைவிட நல்ல பாதுகாப்பு. ஆனால் இதற்கு விலக்கான வீடுகளும் உண்டு. உங்களுடையது அவற்றில் ஒன்றா என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது?

எல்லா விளம்பரமும் பேசுவது வைரஸ்களைப் பிடிக்கும் விகிதத்தைப் பற்றி. அதை நான் முதல் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரு பரிசோதனைக் கூடங்களும் தொடர்ந்து தரவரிசை வெளியிடுகின்றன. முன்வரிசையில் இருக்கும் ஆன்டிவைரஸ்களுக்கு இடையே வித்தியாசம் பெரும்பாலும் மிகச் சிறியது. இந்த முறை முதலில் நிற்பது அடுத்த முறை பின்னுக்குப் போகிறது. அதை நம்பி ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நான் முதலில் கேட்பது, உங்கள் கணினிக்குள் வைரஸ் போன்ற தீம்பொருள் எந்த வழியாக நுழைய வாய்ப்பு அதிகம் என்பதை. செராக்ஸ் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பென் டிரைவ் ஒரு வழி. பிரவுசரில் வரும் போலிப் பக்கம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட அகலமான வாசல் கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, மென்பொருள். 2018 முதல் பரவிய ஸ்டாப்-டிஜாவு என்ற ரேன்சம்வேர் குடும்பம் குறிவைத்தது நிறுவனங்களை அல்ல, வீட்டுக் கணினிகளை. திருட்டுப் போட்டோஷாப், விளையாட்டுகள், விண்டோஸை இலவசமாக 'ஆக்டிவேட்' செய்யும் கருவிகள் ஆகியவற்றுக்குள் ஒளிந்துதான் அது வந்தது. கல்யாணப் புகைப்படம் முதல் கணக்கு வழக்கு வரை எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவசத் திறப்புக் கருவியை வெளியிட்டது; ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வகைகளில் பெரும்பாலானவற்றை அதனால் திறக்க முடிவதில்லை.

கிராக்கோடு வரும் குறிப்பைப் படித்திருப்பீர்கள்: "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்." காவலாளியை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவு திறக்கும் வேலை இது. அந்த நிலையில் நீங்கள் வாங்கியது விலை உயர்ந்த ஆன்டிவைரஸா இலவசமானதா என்பதற்கு அர்த்தமே இல்லை.

அண்மைக் காலப் போலிப் பக்கங்களும் இதே தந்திரத்தைக் கையாள்கின்றன. 'நான் ரோபோ அல்ல' என்று உறுதிசெய்யச் சொல்வதுபோல ஒரு பக்கம் வரும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். ஒட்டுவது என்ன என்று பார்க்காமலே ஒரு கட்டளையை நாம் நம் கையால் ஓடவிடுகிறோம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் அள்ளிச் செல்லும் லும்மா போன்ற உளவு மென்பொருள்கள் இப்படியும் பரவின. 2025 மே மாதம் அதன் கட்டமைப்பை முடக்கியபோது, முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய எந்த உண்மையான இணையதளமும் அந்த இரு விசைகளை அழுத்தச் சொல்லாது.

இரண்டாவது அளவுகோல்: இதைச் செய்து தருபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? கணினியில் உள்ள அத்தனை கோப்புகளையும் நீங்கள் திறக்கும் அத்தனை பக்கங்களையும் பார்க்கும் உரிமை ஆன்டிவைரஸுக்கு உண்டு. அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது முக்கியம்.

மற்ற இரண்டும் எளியவை. கணினியின் வயது என்ன? 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் கூடுதலாக ஏற்றும் எதுவும் சுமைதான். அதன் முன்னால் உட்காருவது யார்? ஒருவர் மட்டுமா, விளையாட்டு தேடும் பிள்ளையும் வங்கிக் கணக்குப் பார்க்கும் பெரியவரும் ஒரே கணினியிலா?

## விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்

மைக்ரோசாஃப்ட் 2009-ல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச ஆன்டிவைரஸை வெளியிட்டது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் அது விண்டோஸின் பகுதியானது. தொடக்க ஆண்டுகளில் பரிசோதனைக் கூடங்கள் அதைக் கடைசி வரிசையில்தான் வைத்தன. 'டிஃபெண்டர் எல்லாம் ஒரு ஆன்டிவைரஸா' என்ற பேச்சு அன்று நியாயமானது. இன்று இல்லை. ஏவி-டெஸ்ட் தரும் முழு மதிப்பெண்ணை அது பலமுறை வாங்கியிருக்கிறது.

வருமானக் கேள்விக்கு இதில் பதில் எளிது: விண்டோஸின் விலையிலேயே இது அடங்கிவிடுகிறது. புதுப்பிக்கச் சொல்லும் நச்சரிப்பு கிடையாது.

மறைந்திருக்கும் குறைகள் இரண்டு. டிஃபெண்டரின் பலம் பெரிதும் மைக்ரோசாஃப்டின் மேகக் கணிமை வழங்கிகளைச் சார்ந்தது. இணையம் இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் குறைகிறது. இணைய இணைப்பு இல்லாத கணினியில் நாள் முழுவதும் பிறருடைய பென் டிரைவ்களைச் செருகுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மோசடிப் பக்கங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் வசதி எட்ஜ் பிரவுசரில்தான் முழுமையாக இயங்கும் என்பது இரண்டாவது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கூகுளின் பாதுகாப்புப் பட்டியல் அந்த வேலையைச் செய்வதால் இது பெரிய இழப்பு அல்ல.

ரேன்சம்வேருக்கு எதிரான நல்ல ஆயுதம் ஒன்று டிஃபெண்டரிலேயே இருக்கிறது, ஆனால் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற அதை இயக்கினால், அறிமுகம் இல்லாத மென்பொருள் எதுவும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் கை வைக்க முடியாது. பழைய டிடிபி மென்பொருள்களும் சில சமயம் இதில் மாட்டிக்கொள்ளும். அவற்றை ஒருமுறை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். சின்னத் தொல்லைதான், பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. உங்கள் கணினியில் விண்டோஸை நிறுவித் தந்தவர் உரிமம் இல்லாத பிரதியைப் போட்டிருந்தால், ஆக்டிவேட்டர் கருவிக்காக டிஃபெண்டரில் விலக்கு ஏற்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத கோப்புறை இருந்தால், குறிப்பாக சி டிரைவ் முழுவதுமே இருந்தால், டிஃபெண்டர் பெயருக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

## இலவச ஆன்டிவைரஸ்கள்

நான்கு வழிகளில் நான் கடைசியில் வைப்பது இதைத்தான். காரணம் அவாஸ்ட் கதை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய இந்த இலவச ஆன்டிவைரஸ், பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலம் விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை மூடியது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்ததோடு, பார்வை விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது. உளவு மென்பொருளைத் தடுக்க நிறுவியது செய்த வேலை இது.

'அவாஸ்ட் வேண்டாம், ஏவிஜி போடுகிறேன்' என்றால் அது 2016-லேயே அவாஸ்ட் கைக்குப் போய்விட்டது. அவீரா 2021-ல் நார்ட்டனிடம் போனது. நார்ட்டனும் அவாஸ்டும் 2022-ல் ஒன்றாகி இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனமாக இருக்கின்றன. கடையில் நான்கு பெயர்கள், கல்லா ஒன்று.

இன்று அவை விவரங்களை விற்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலவசப் பதிப்பின் வேலை உங்களைக் கட்டணப் பதிப்புக்கு இழுப்பது. அதனால்தான் 'உங்கள் கணினியில் 14 குறைகள்' என்ற வகை அறிவிப்புகள் ஓயாமல் வருகின்றன. உண்மையான எச்சரிக்கை எது, விற்பனைப் பேச்சு எது என்று வயதானவர்களால் பிரிக்க முடிவதில்லை. பழகிப்போய் எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு விதத்தில் இலவசக் கருவிகள் பயன்படும்: இரண்டாம் கருத்துக்காக. டிஃபெண்டரை அப்படியே வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும்போது மட்டும் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையோ ஈசெட் ஆன்லைன் ஸ்கேனரையோ ஓட்டிப் பார்க்கலாம். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இயங்குகிறது. இந்திய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் செய்து தந்த இலவச நீக்கக் கருவிகள் அதன் தளத்தில் கிடைக்கின்றன.

## கட்டணத் தொகுப்புகள்

பணம் கொடுத்து வாங்கும்போது கிடைப்பது கூடுதலாகப் பிடிக்கும் திறன் அல்ல. கூடவே வரும் சாமான்கள். விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, கைபேசிகளுக்கும் சேர்த்த உரிமம், சிக்கல் வந்தால் கூப்பிட ஓர் ஆள். இவற்றில் எதை நீங்கள் உண்மையில் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டியில் விலையின்றியே இருக்கிறது. கடவுச்சொல் பெட்டகத்துக்கு பிட்வார்டன் போன்ற நல்ல இலவச வழிகள் உண்டு.

மறைமுகச் செலவுகளில் முதலாவது புதுப்பிப்பு விலை. முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து வாங்குகிறோம். அடுத்த ஆண்டு முழு விலை அட்டையிலிருந்து தானாகக் கழிகிறது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2021-ல் மெக்காஃபி, நார்ட்டன் இரண்டையுமே இந்தத் தானியங்கிப் புதுப்பிப்பு முறையைத் திருத்த வைத்தது. கடையில் பெட்டியாக விற்கும் குறியீட்டை வாங்கினால் அட்டை விவரம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இந்தச் சிக்கல் வராது. புனேயின் குயிக் ஹீல், சென்னையின் கே7 ஆகியவை நம் ஊர்க் கடைகளில் அப்படித்தான் கிடைக்கின்றன. 1990-களிலிருந்தே ஃப்ளாப்பி வைரஸ்களோடும் பிறகு பென் டிரைவ் வைரஸ்களோடும் மோதிப் பழகிய நிறுவனங்கள் இவை.

அடுத்தது சேர்த்துக் கட்டும் பொருள்கள். நார்ட்டன் 2021-ல் தன் ஆன்டிவைரஸ் தொகுப்புக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் கருவியை வைத்தது. பயனர் விரும்பி இயக்கினால்தான் ஓடும் என்றாலும், கிடைப்பதில் 15 சதவீதம் நிறுவனத்துக்கு. பாதுகாப்புப் பொருளில் இதற்கு என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதும் ஒரு செலவாக மாறலாம். ரஷ்யாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கியின் பிடிக்கும் திறனைப் பரிசோதனைக் கூடங்கள் குறைசொன்னதில்லை. ஆனால் 2024-ல் அமெரிக்க வணிகத் துறை தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைத் தடைசெய்தது. அந்தச் செப்டம்பரில் அமெரிக்கப் பயனர்கள் பலர் கணினியைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி போய், அல்ட்ராஏவி என்ற வேறொன்று தானாகவே நிறுவப்பட்டிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டணத் தொகுப்பே சரி என்று சொல்லும் இடங்கள் உண்டு. வீட்டிலேயே டிடிபி, பிரிண்ட் அவுட், புகைப்பட வேலை செய்து, நாள்தோறும் முன்பின் தெரியாதவர்களின் பென் டிரைவ்களை வாங்கிச் செருகுபவர்கள். வீட்டுக் கணினியில் பிறருடைய கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் கணக்காளர்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு ஏதாவது என்றால் தொலைபேசியில் பேச ஒரு சேவை மையம் வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள். இவர்களுக்கு அந்தத் தொகை வீண் அல்ல.

## லினக்ஸுக்கு மாறுவது

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல். அது இல்லாத கணினிகள் விண்டோஸ் 10-லேயே நின்றுவிட்டன. அவற்றுக்கும் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலை 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இதைப் பார்த்து 'அப்படியானால் கவலை இல்லை' என்று நினைப்பது தவறு. ஆன்டிவைரஸ் தெரிந்த வைரஸைப் பிடிக்கும். விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைக்காது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் வந்திருந்தது. அதை நிறுவாத கணினிகள்தான் விழுந்தன. மைக்ரோசாஃப்ட் அறிவித்த கூடுதல் பாதுகாப்பு நீட்டிப்பில் பதிவுசெய்துகொள்வது தற்காலிக வழி.

நிரந்தர வழி லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். வீட்டுக் கணினிகளைத் தாக்கும் தீம்பொருள்களில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை; அவை இங்கே ஓடாது. தமிழ்99 விசைப்பலகையும் யூனிகோடு எழுத்துருக்களும் சிக்கலின்றி இயங்கும். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல: அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

செலவு பணமாக வராது, பழக்கமாக வரும். டேலி நேரடியாக ஓடாது. போட்டோஷாப் இல்லை, பேஜ்மேக்கர் இல்லை. சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். வீட்டில் ஒருவராவது முதல் மாதம் பொறுமையாக உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கணினியில் செய்வது இணையம், மின்னஞ்சல், யூடியூப், கடிதம் தட்டச்சு என்ற அளவில் இருந்தால், பழைய கணினிக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை.

## ஸ்பேம்: நான்கிலும் தீராதது

'ஆன்டிஸ்பேம்' என்று கட்டணத் தொகுப்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும். அது பொதுவாக அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்களில் அஞ்சல் பார்ப்பவர்களுக்கு மட்டுமே. பிரவுசரில் ஜிமெயில் திறப்பவர்களுக்கு அந்த வேலையைக் கூகுளின் வழங்கியே முடித்துவிடுகிறது. கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, வெறுமனே அழிக்காமல் 'ஸ்பேம்' என்று குறிப்பது. தெரிந்த நிறுவனத்தின் விளம்பர அஞ்சலில் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாம். முகம் தெரியாத அஞ்சலில் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே உறுதிசெய்து தருகிறோம். கடைகளுக்கும் பரிசுப் போட்டிகளுக்கும் கொடுக்கத் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

வைரஸ் என்று நினைத்துப் பலர் பயப்படும் ஒன்று உண்மையில் ஸ்பேம்தான். திரையின் வலது ஓரத்தில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று திரும்பத் திரும்ப வரும் பெட்டி, எப்போதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியதன் விளைவு. பிரவுசரின் அமைப்புகளில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். திரையை நிறைத்துக்கொண்டு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினால் அது மோசடி. அந்த எண்ணை அழைக்காதீர்கள், தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையும் நிறுவாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

விளம்பரத் தடுப்பானும் ஒரு பாதுகாப்புக் கருவிதான். யூபிளாக் ஆரிஜின் முழு வடிவில் ஃபயர்ஃபாக்ஸில் இயங்குகிறது. குரோமில் 2025 முதல் அதன் சுருங்கிய 'லைட்' வடிவம்தான். இணையதளப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று தேடித் தருவது டிஎன்எஸ்; ரவுட்டரில் அதன் முகவரியை 9.9.9.9 என்று மாற்றினால், குவாட்9 என்ற இலவசச் சேவை தெரிந்த மோசடித் தளங்களை வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துத் தடுத்துவிடும்.

## முடிவெடுத்த பிறகு

டிஃபெண்டரைத் தேர்ந்தால், பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை படியெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

பழைய ஆன்டிவைரஸிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் அதை முறையாக நீக்க வேண்டும். 'அன்இன்ஸ்டால்' செய்தாலும் மிச்சம் விட்டுப்போவது இவற்றின் வழக்கம். அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே முழுமையாக நீக்கும் கருவி கிடைக்கும். கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சைக் குறிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓட்டாதீர்கள். ஒன்றையொன்று இடறிக் கணினியை மந்தமாக்கும்.

எது நிறுவினாலும் அது விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதன் சோதனைக் கோப்பைப் பதிவிறக்கிப் பார்க்கலாம். வெறும் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கில்லாத கோப்பு அது. எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே கருத வேண்டும் என்பது உடன்பாடு. இறங்கிய உடனே எச்சரிக்கை வர வேண்டும். கோப்பு சத்தமில்லாமல் டவுன்லோட்ஸில் போய் உட்கார்ந்துவிட்டால், பாதுகாப்பு எங்கோ அணைந்திருக்கிறது. வேறு எதையும் திறப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.